வீட்டோடு தங்கும் பணிப்பெண்: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரிதான் பார்த்துக்கொள்கிறோம்." கோலாலம்பூரில் இந்தோனேசியப் பணிப்பெண் இருக்கும் நம்மவர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் வேலை நேரம், ஓய்வு நாள், சம்பளத் தேதி எதையும் பேசி முடிவு செய்யாமல் விடுவதற்கும் இதே பேச்சுதான் சாக்காகிறது. என்னைக் கேட்டால், மற்ற எல்லாத் தவறுகளும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன. பாசம் இருக்கட்டும், பேசி வைத்த ஒப்பந்தமும் இருக்க வேண்டும்.

வந்த அன்றே ஒரு தவறு நடந்துவிடுகிறது. ஏஜெண்டு கொடுத்த பாஸ்போர்ட் நேராக நம் அலமாரிக்குள் போகிறது. கேட்டால், "ஓடிவிட்டால்?" என்பார்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டை அதிகாரமில்லாமல் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். பாஸ்போர்ட் பணிப்பெண்ணிடமே இருக்க வேண்டும், வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று மலேசியாவும் இந்தோனேசியாவும் 2011லேயே ஒத்துக்கொண்டன. பூட்டுள்ள ஒரு டிராயரை அவருக்குக் கொடுத்து, சாவியை அவரிடமே விட்டுவிடுங்கள்.

அடுத்தது சம்பளம். 2022 ஏப்ரல் 1 அன்று கையெழுத்தான ஒப்பந்தப்படி இந்தோனேசியப் பணிப்பெண்ணுக்கு மாதம் குறைந்தது 1,500 வெள்ளி. "சேர்த்து வைத்து ஊருக்குப் போகும்போது மொத்தமாகத் தருகிறோம்" என்பது நல்ல எண்ணமாகத் தெரியலாம். ஆனால் ஊரில் பிள்ளையின் பள்ளிச் செலவும் அம்மாவின் மருந்தும் மாதாமாதம் வருபவை. அவர் பெயரில் வங்கிக் கணக்கு திறந்து, தேதி தவறாமல் போட்டுவிடுங்கள். சேமிப்பதா, அனுப்புவதா என்பது அவர் பாடு. 2021 ஜூனிலிருந்து வீட்டுப் பணியாளருக்கும் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) உண்டு, அதையும் மறக்க வேண்டாம்.

தீபாவளி நெருங்கினால் இன்னொன்று தொடங்கும். அக்கா வீட்டில் முறுக்கு சுட, தம்பி வீட்டில் ஜன்னல் துடைக்க, அப்புறம் மாமாவின் சாப்பாட்டுக் கடையில் இரண்டு மணி நேரம் பாத்திரம் கழுவ. பெர்மிட் ஒரு முதலாளிக்கு, ஒரு வீட்டு வேலைக்குத்தான். குடிநுழைவுத் துறை கடையில் சோதனை போட்டால் முதலில் மாட்டிக்கொள்பவர் அந்தப் பெண். கொண்டோவில் ஜன்னலின் வெளிப்பக்கத்தைத் துடைக்கச் சொல்லவே சொல்லாதீர்கள். பன்னிரண்டாம் மாடியில் கால் வழுக்கினால் அவ்வளவுதான்.

படுக்க இடம் என்று ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு மெத்தை போடுவது, படுக்கும் இடத்தில் கேமரா வைப்பது, கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்வது, இதெல்லாம் கூடவே கூடாது. 2018 பிப்ரவரியில் பினாங்கின் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு வீட்டிலிருந்து மீட்கப்பட்ட இந்தோனேசியப் பணிப்பெண் அடெலினா லிசாவ் மறுநாளே மருத்துவமனையில் இறந்தார். அந்த வீட்டின் முன்புறத்தில் அவர் படுத்துக் கிடந்ததை அக்கம்பக்கத்தார் பார்த்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் வெளியில் படுப்பது தெரிந்தால் பேசாமல் இருக்காதீர்கள்.

சாப்பாட்டை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தோனேசியர் என்றாலே முஸ்லிம் என்று முடிவு கட்ட வேண்டாம். ஃபுளோரஸ், தீமோர் பக்கத்திலிருந்து வருபவர்களில் கிறிஸ்தவர்கள் நிறைய. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டியிருக்கும். முஸ்லிமாக இருந்தால் நோன்பு மாதத்தில் விடியலுக்கு முன் சாப்பிட ஏதாவது இருக்கிறதா, நோன்பு துறக்கும் நேரத்தில் பத்து நிமிடம் உட்கார முடிகிறதா என்று பாருங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் நாம் அசட்டையாக இருக்கிறோம். ஐந்து வயதுப் பையன் சோபாவில் சாய்ந்தபடி "காக்காக் (அக்கா), தண்ணி!" என்று அதட்டுகிறான், அப்பா கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. பையனை எழுந்து போய்க் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் எதிரில் அவரைத் திட்டினால், நாளைக்கு அவர் "ஓடாதே" என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்? குறை இருந்தால் பிள்ளைகள் தூங்கிய பிறகு தனியாகச் சொல்லுங்கள்.

ஒத்துவரவில்லை, ஊருக்குப் போகிறேன் என்று அவர் சொன்னால் கதவைப் பூட்டாதீர்கள். ஏஜெண்டைக் கூப்பிட்டு மூவருமாகப் பேசுங்கள். அப்போதும் சரிவரவில்லை என்றால் ஜாலான் துன் ரசாக்கில் இந்தோனேசியத் தூதரகம் இருக்கிறது; பினாங்கில் ஜாலான் பர்மாவில் துணைத் தூதரகம். தூதரகத்தின் தொலைபேசி எண்ணை அவர் வந்த முதல் நாளே அவர் கைப்பேசியில் நீங்களே பதிந்து கொடுங்கள்.