தொழிற்சங்கத்திலிருந்து வந்த எம்எல்ஏவைக் கதையில் உருவாக்குவது எப்படி?

நம் கதைகளிலும் வெப் சீரிஸ்களிலும் ஒரு தொழிற்சங்கத் தலைவர் அரசியலுக்கு வந்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தோளில் சிவப்புத் துண்டு, கம்பெனி கேட் முன்னால் மைக், முதலாளியின் காரை மறித்து ஒரு வசனம், அப்புறம் தேர்தல், கடைசியில் கொலை அல்லது துரோகம். நடுவில் இருபது வருஷம் அந்த மனிதர் தினமும் என்ன வேலை பார்த்தார் என்று எழுதியவருக்கே தெரிந்திருக்காது. இந்தக் கட்டுரை அந்த இருபது வருஷத்தை நிரப்புவதற்கு.

சங்கத் தலைவரின் வேலையில் பேச்சு ஒரு சின்ன பங்குதான். மீதி எல்லாம் கையெழுத்து. எவ்வளவு கேட்டார், எவ்வளவுக்கு இறங்கினார், யாருடைய கோரிக்கையை விட்டுக்கொடுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார் என்பதில்தான் அவருடைய குணம் தெரியும். அதனால் கதைச் சுருக்கம் எழுதுவதற்கு முன்னால், உங்கள் பாத்திரம் வாழ்க்கையில் கையெழுத்துப் போட்ட ஐந்தாறு காகிதங்களையும், போட மறுத்த ஒன்றிரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். கதை பாதி அங்கேயே வந்துவிடும்.

உதாரணத்துக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். பெயர் பாக்கியம், 1962இல் பிறந்தவர், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மின்சார சுவிட்ச் செய்யும் ஒரு கற்பனைக் கம்பெனியில் 1983இல் வேலைக்குச் சேர்கிறார். கம்பெனி கற்பனையாகவே இருக்கட்டும், ஊரையும் வருஷத்தையும் மட்டும் நிஜமாக வையுங்கள், ஏனென்றால் வருஷம்தான் எந்தச் சட்டம் அவருக்குக் கைகொடுக்கும் என்பதை முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் 1981இல் ஒரு சட்டம் வந்தது. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். கம்பெனி என்ன செய்யும்? 460ஆம் நாள் ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று சொல்லி அனுப்பிவிட்டு, இரண்டு மாதம் கழித்துப் புதிய ஆளாகக் கூப்பிடும். பாக்கியத்தின் முதல் சண்டையை இங்கே வையுங்கள். காரை மறிப்பதைவிட, வருகை அட்டையை வைத்துக்கொண்டு நாள் எண்ணிக் கூட்டிப் பார்க்கும் ஒரு பெண் எவ்வளவோ பயமுறுத்துவார்.

சங்கம் பதிவு செய்வதும் ஒரு காகிதம்தான். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அப்போது ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் போதும். 2001 திருத்தத்துக்குப் பிறகு பத்து சதவீதம் பேர் அல்லது நூறு பேர், இரண்டில் எது குறைவோ அது வேண்டும், ஆனால் ஏழுக்குக் கீழே போகக் கூடாது. 1983இல் நடக்கும் கதையில் நூறு கையெழுத்துக்கு ஓடவிட்டால் விஷயம் தெரிந்தவர் புத்தகத்தை மூடிவிடுவார். அதேபோல 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது, இப்போது எந்த ஆலையிலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. பாக்கியத்தின் காலத்தில் அந்தக் கட்டாயம் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும்தான். இன்றைய இளைஞர் ஒருவரை நாயகனாக வைக்கிறீர்கள் என்றால் பதிவே ஒரு பெரிய போராட்டமாக இருக்கலாம். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024இல் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்து, உயர்நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது.

இனி கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். தமிழ்நாட்டில் சங்கம் நடத்துகிறவர்கள் பேச்சோடு பேச்சாக ‘பன்னிரண்டு மூன்று போட்டாச்சா’ என்று கேட்பார்கள். பாக்கியத்தின் காலத்தில் நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவு அது. தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் போடும் ஒப்பந்தம், கையெழுத்துப் போடாத தொழிலாளியையும் நாளைக்கு வேலைக்குச் சேரப்போகிறவரையும்கூடக் கட்டுப்படுத்தும். 18(1) என்பது இரண்டு தரப்பும் தாங்களாகவே போட்டுக்கொள்வது, போட்டவர்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும். இது வறட்டுச் சட்டம் மாதிரித் தெரியும், ஆனால் இதில் ஒரு நாவலே இருக்கிறது. பாக்கியத்தின் சங்கத்தில் 300 பேர் இருக்கிறார்கள், கம்பெனி தானே வளர்த்துவிட்ட இன்னொரு சங்கத்தில் 40 பேர். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனி அந்த 40 பேர் சங்கத்தோடு சமரச அலுவலர் முன்னால் 12(3) போட்டுவிடுகிறது. திங்கட்கிழமை காலை பாக்கியம் கேட்டுக்கு வரும்போது அவருடைய 300 பேரையும் அது கட்டுப்படுத்தும். கத்தி இல்லை, அடியாள் இல்லை, ஆனால் ஆளை முறிக்க இது போதும். அடுத்த முறை அவர் முந்திக்கொண்டு, 150 ரூபாய் சம்பள உயர்வு கேட்ட இடத்தில் 90 ரூபாய்க்கு இறங்கிக் கையெழுத்துப் போடுகிறார் என்றால், அவர் ஏன் இறங்கினார் என்று வாசகருக்குப் புரியும், வாயிற்கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ‘விலைபோயிட்டீங்களா அக்கா’ என்று கத்துகிறவனுக்குப் புரியாது. அந்தக் கத்தலுக்கு அவரிடம் நல்ல பதில் இருக்கக் கூடாது.

கம்பெனி பாக்கியத்தை வேலையிலிருந்து நீக்குவதை ஒரே காட்சியில் முடிக்காதீர்கள். முதலில் சார்ஜ் மெமோ, பிறகு சஸ்பென்ஷன், பிறகு உள்விசாரணை. விசாரணை அதிகாரி கம்பெனி ஏற்பாடு செய்த வக்கீலாக இருப்பார், பாக்கியத்துக்கு உதவியாக ஒரு சக தொழிலாளி உட்காருவார், ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதி ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்குவார்கள். முதல் 90 நாள் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாக வரும். அந்தப் பாதியில் வீட்டு வாடகை போக என்ன மிஞ்சும், சீட்டுப் பணத்தை யார் கட்டினார்கள், மாமியார் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். பெண் தலைவர் என்றால் இன்னொன்றும் உண்டு. வாயிற்கூட்டம் ஷிப்ட் மாறும் நேரத்தில்தான் நடக்கும், இரண்டாம் ஷிப்ட் விட்டு இரவு பத்தரை மணிக்குக் கூட்டம் பேசிவிட்டு அவர் எந்த பஸ்ஸில், யாரோடு வீட்டுக்குப் போனார்?

இங்கிருந்து நேராகச் சட்டமன்றத்துக்குத் தாவ வேண்டாம். தமிழ்நாட்டில் உங்களுக்கு ஒரு அருமையான படிக்கட்டு இருக்கிறது: 1996 உள்ளாட்சித் தேர்தல். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டோடு நடந்த தேர்தல் அது, அம்பத்தூர் அப்போது தனி நகராட்சி, சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது 2011இல்தான். பாக்கியம் கவுன்சிலர் ஆகிறார். இதுவரை அவர் பேசியதெல்லாம் சந்தா கட்டிய உறுப்பினர்களுக்காக. இப்போது வீட்டு வாசலுக்கு வருகிறவர் வாடகைக்கு நாலு வீடு விட்டிருக்கும் வீட்டுக்காரர், பதினைந்து பேரை வைத்து லேத் பட்டறை நடத்தும் சின்ன முதலாளி, குடிநீர் லாரி வரவில்லை என்று குடத்தோடு நிற்கும் தெரு. பட்டறைக்காரர் தன் தொழிலாளிகளுக்கு மருத்துவக் காப்பீடான ஈஎஸ்ஐ கட்டுவதில்லை என்பது பாக்கியத்துக்குத் தெரியும், அவருடைய வீட்டில் ஆறு ஓட்டு இருப்பதும் தெரியும். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், இதை எழுதாமல் தாவுகிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் கோபம்கூட வரும்.

சட்டமன்றத் தேர்தலுக்கு வரும்போது கணக்குப் போடுங்கள். பெரிய ஆலை என்றே வைத்துக்கொண்டாலும் 2,000 பேர், தொகுதியில் இரண்டு மூன்று லட்சம் வாக்காளர்கள். அந்த 2,000 பேரில் பாதிப் பேருக்குச் சொந்த ஊரில்தான் ஓட்டு. ஆக, ‘தொழிலாளர் எல்லாம் திரண்டு ஜெயிக்க வைத்தார்கள்’ என்று எழுதினால் நம்ப முடியாது. விதிவிலக்கு உண்டு: பம்பாய் ஜவுளி வேலைநிறுத்தத்தை நடத்திய தத்தா சாமந்த், 1984இல் நாடே காங்கிரஸ் அலையில் போனபோது பம்பாய் தென்மத்தியத் தொகுதியில் சுயேச்சையாக ஜெயித்தார். ஆனால் அங்கே மில்லும் தொழிலாளியின் வீடும் ஒரே பகுதியில் இருந்தன. உங்கள் பாத்திரத்துக்குக் கூட்டணி வேண்டும், கூட்டணியில் இடம் கேட்கும்போது ‘அந்தத் தொகுதியில் உங்கள் ஆள் எந்த சாதி’ என்ற கேள்வி வரும். சங்கத்தில் எல்லா சாதிக்காரர்களோடும் ஒன்றாக டீ குடித்த மனிதர் அந்த மேஜையில் என்ன சொல்கிறார்?

வேட்பு மனுவில் ஒரு சின்ன பொக்கிஷம் இருக்கிறது. நிலுவையில் உள்ள வழக்குகளை உறுதிமொழிப் பத்திரத்தில் காட்ட வேண்டும். சட்டவிரோதமாகக் கூடியது, வழிமறித்தது, தடையுத்தரவை மீறியது என்று பழைய ஐபிசி 143, 341, 188 எல்லாம் வரிசையாக நிற்கும். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அவற்றைப் பத்திரிகையிலும் டிவியிலும் விளம்பரமாக வேறு கொடுக்க வேண்டும். பாக்கியம் 2021இல் நிற்கிறார் என்றால், தான் நடத்திய மறியல்களைத் தன் செலவிலேயே குற்றப் பட்டியலாக வெளியிடுகிறார். அது ஒன்றே ஒரு அத்தியாயம்.

பதவிக்கு வந்த பிறகு அவரைச் சோதிக்க வேண்டியது எதிரி அல்ல, சொந்தப் பக்கம். நிஜத்திலிருந்தே எடுக்கலாம். ரயில்வே தொழிலாளர் இயக்கத்திலிருந்து வந்த வி.வி.கிரி மத்திய தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது, வங்கி ஊழியர்களுக்குத் தீர்ப்பாயம் கொடுத்த சம்பளத் தீர்ப்பை அரசே மாற்றியதால் 1954இல் பதவியை விட்டார். இன்னும் அருகில் வேண்டுமா? 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன, மூன்று நாளில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அந்த மூன்று நாளை மட்டும் வைத்து எழுதலாம். கூட்டணி எம்எல்ஏவான பாக்கியத்தின் தொகுதியில் ஒரு அரசு மருத்துவமனைக் கட்டடத்துக்கான கோப்பு அமைச்சர் மேஜையில் காத்திருக்கிறது என்று வையுங்கள். வெளிநடப்பில் எழுந்து போவாரா? போனால் கோப்பு என்ன ஆகும்?

முற்போக்கு என்பதையும் வசனத்தில் ஒட்டாதீர்கள், அது அவருக்குச் சொந்த ஓட்டில் ஏதாவது இழப்பைக் கொடுக்க வேண்டும். வடமாநிலத் தொழிலாளிகளைச் சங்கத்தில் சேர்க்கச் சொல்கிறார், ‘அவங்க வந்துதானே நம்ம கூலி குறைஞ்சது’ என்று முப்பது வருஷத் தோழரே சந்தாவை நிறுத்துகிறார். இந்தச் சண்டையில் தோழரை முட்டாளாக்காதீர்கள். அவர் சொல்லும் கூலிக் கணக்கு சரியாகவே இருக்கட்டும்.

கடைசியாக, அந்த வேலை நீக்க வழக்கு. நிறைய பேர் பாதியில் மறந்துவிடும் நூல் இது. லேபர் கோர்ட் மறுபடி வேலை கொடுக்கச் சொல்லித் தீர்ப்புச் சொல்லும், கம்பெனி உயர்நீதிமன்றம் போகும், அது நடக்கும் வரை அதே தொழில் தகராறு சட்டத்தின் 17பி பிரிவின்படி அவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாதாமாதம் கொடுக்க வேண்டும். 1988இல் வாங்கிய சம்பளம், 2001இல்! இறுதித் தீர்ப்பு எந்த மாதம் வருகிறது என்பதை முதல் பக்கம் எழுதும் முன்பே முடிவு செய்யுங்கள். என் யோசனை, அவர் முதல் முறை சட்டமன்றத்துக்கு வேட்பு மனு போடும் வாரம். தனியார் வேலையில் இருப்பதால் யாருக்கும் தேர்தலில் நிற்கும் தகுதி போகாது, ஆகவே ‘தேர்தலில் நிற்பதால் வேலையை விட வேண்டியதாயிற்று’ என்று சட்டத்தைக் காரணம் காட்டி அவர் தப்பிக்க முடியாது. கம்பெனி ஆள் வந்து, மறுபடி வேலைக்கு வர வேண்டாம், மொத்தமாக ஒரு தொகை தருகிறோம், 18(1) போட்டுக்கொள்ளலாம் என்கிறார். கட்சியிலும் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள், தேர்தல் செலவுக்கு ஆகும். அதே வழக்கில் அவரோடு நீக்கப்பட்ட இன்னும் மூன்று பேருக்கு அந்தக் காகிதத்தில் எதுவும் இல்லை.