நல்ல தலைமை எது என்று முடிவுகட்டும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்கான நேர்முகத் தேர்வானாலும் சரி, மகளிர் குழுவுக்குத் தலைவி தேர்ந்தெடுக்கும் கூட்டமானாலும் சரி, நல்ல தலைமை என்றால் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பெயர்தான் பதிலாக வருகிறது. காமராஜர், கலாம், இல்லாவிட்டால் அவரவர் கட்சித் தலைவர். பெயர் சொல்வது தப்பில்லை. ஆனால் ஒருவரை முழுசாகத் தூக்கிக்கொண்டால், அவர் செய்த எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்கவேண்டி வரும். நபரை விட்டுவிட்டு, அவர் எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

சேலத்துக்காரர்களுக்கு இதற்கு ராஜாஜியே நல்ல பாடம். இங்கே வக்கீலாக இருந்தவர், 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவர். 1937-இல் சென்னை மாகாண ஆட்சிக்கு வந்ததும் மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தார். அதனால் அரசுக்கு வருமானம் குறைந்தது. அதை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. ஒரே மாவட்டத்தில் தொடங்கிப் பார்த்தது ஒரு நல்ல விஷயம். நல்ல காரியத்துக்கும் செலவு உண்டு என்று ஒப்புக்கொண்டு, பிடிக்காத வரியைப் போடும் கெட்டபெயரையும் தானே ஏற்றது இன்னொன்று. அதே ஆட்சிதான் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி, எதிர்த்தவர்களைச் சிறையில் அடைத்தது. மறுபடியும் முதல்வராக இருந்தபோது 1953-இல் கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்துக்கு (அரைநாள் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில்) சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு வலுத்து, அடுத்த ஆண்டு பதவியை விட்டார். முதல் இரண்டிலிருந்து கற்றுக்கொள்ளலாம், மற்ற இரண்டிலிருந்தும் கற்றுக்கொள்ளலாம். இதற்காக அவரைக் கும்பிடவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம்.

நமக்குப் பிடித்த பக்கத்திலிருந்து மட்டுமே கற்றுக்கொள்வது அடுத்த தவறு. 1944 ஆகஸ்டில் இதே சேலத்தில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. ஆங்கில அரசு கொடுத்த பட்டங்களைத் துறக்க வேண்டும் என்ற அண்ணாவின் தீர்மானமும் அங்கே நிறைவேறியது. ஜமீன்தார்களும் பட்டம் பெற்றவர்களும் நிறைந்திருந்த கட்சி அது. எதிராளியிடம் கேட்பது சுலபம். நம்மோடு இருப்பவர்களிடம், அவர்கள் பெருமையாக நினைப்பதை விடச் சொல்வதற்குத்தான் துணிச்சல் வேண்டும். பெரியாரின் கொள்கை உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றாலும் இதைக் கற்றுக்கொள்ளத் தடையில்லை.

மேடையை மட்டும் பார்த்து எடைபோடுவது தவறு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மேடையை விட்டால் எங்கே பார்ப்பது என்று யாரும் சொல்வதில்லை. கணக்கு உதைக்கும் நேரத்தில் பாருங்கள் என்பேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறை. காலையில் வெள்ளியை எடைபோட்டுக் கொடுப்பார்கள். மாலையில் செய்த கொலுசையும் மிச்சத் துண்டுகளையும் சேர்த்து எடைபோட்டு வாங்குவார்கள். அன்றைக்குப் புதுப் பையன் கணக்கில் 4 கிராம் குறைந்தது. மற்றவர்கள் கை வேலையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்கள். பட்டறைக்காரர் அவன் பக்கம் திரும்பவில்லை. தராசுத் தட்டைத் துடைத்து இன்னொரு முறை எடைபோட்டார். பாயை உதறச் சொன்னார். அவன் உட்கார்ந்திருந்த இடத்தைக் கூட்டி, தூசியைத் தாளில் அள்ளி வைத்தார். சேதாரத்துக்கு எவ்வளவு தள்ளியிருக்கிறோம் என்று நோட்டைப் புரட்டிப் பார்த்தார். இவ்வளவுக்கும் பிறகுதான், "தம்பி, பத்தவைக்கும்போது ஏதாவது சிந்துச்சா?" என்று கேட்டார். பையன் அழாமல் பதில் சொன்னான்.

அந்த வரிசை முக்கியம். முதலில் தராசு, அடுத்து இடம், அப்புறம் தன் கணக்கு, கடைசியில்தான் ஆள். நம்மில் பலர் ஆளில்தான் ஆரம்பிக்கிறோம்.

ஏற்பாட்டின் கோளாறை ஆட்களின் குணமாக நினைப்பதும் இந்த வகைத் தவறுதான். காப்பிச் செடியில் எல்லாக் காயும் ஒரே நாளில் பழுக்காது. அதனால் அதே செடிக்குப் பல சுற்று போக வேண்டும். ஏற்காட்டில் ஒரு தோட்டத்தில் கூலியைக் கிலோ கணக்கில் கொடுத்துக்கொண்டு, "பழத்தை மட்டும் பறி" என்று சத்தம் போட்டால் என்ன ஆகும்? பொறுக்கிப் பறிப்பவளுக்குக் கூலி குறையும், உருவிப் பறிப்பவளுக்குக் கூடும். பச்சைக்காய் கலந்தால் பறித்தவளைத் திட்டுகிறவர் கண்டிப்பானவர் என்று பெயர் வாங்குகிறார். கூலி முறையை மாற்ற வேண்டும் என்று முதலாளியிடம் போய் நிற்கும் மேஸ்திரியைத்தான் நான் தலைவர் என்பேன்.

விசாரிக்கும்போது மேலே இருப்பவர்களிடம் மட்டும் கேட்காதீர்கள். கீழே வேலை செய்பவர்களிடம், முடிந்தால் வேலையை விட்டுப் போனவர்களிடமும் கேளுங்கள். போனவர்களுக்குப் பயம் இருக்காது; கோபம் இருக்கலாம், அதைக் கழித்துக்கொள்ளலாம்.

அழகான வரையறை ஒன்றை மனப்பாடம் செய்துகொள்வதால் பெரிய பயனில்லை. ஒரு நோட்டுப் போடுங்கள். எடுத்த முடிவு, அதனால் கஷ்டப்பட்டவர் யார், முடிவெடுத்தவர் தன் பங்குக்கு எதை இழந்தார், இந்த மூன்று போதும். ஆரம்பிக்க ஆடி மாதம் தோதானது. சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகையை ஒட்டி ஊரெங்கும் கோயில்களில் விழா நடக்கும். உங்கள் தெருவில் விழாக் கமிட்டி இருந்தால் ஒருமுறை கூடவே இருந்து பாருங்கள். யார் வசூல் கணக்கைக் கேட்காமலே படிக்கிறார், துண்டு விழுந்தால் யார் பேச்சை மாற்றுகிறார், பந்தல் பிரிக்கும் நாளில் யார் வருகிறார் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.