மலை வேட்டைக்கும் தொலைதூர இலக்குக்கும் ரைஃபிள்: வாங்கும்முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரைஃபிள் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தத் தோட்டா நல்லது?" என்றுதான். பல தவறுகள் அந்த இடத்திலேயே தொடங்கிவிடுகின்றன. தோட்டாவுக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. இந்தத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு எவ்வளவு தூரம் ஏறப் போகிறீர்கள்? ஒரே நாளில் இதில் எத்தனை தோட்டா சுடப் போகிறீர்கள்? இவற்றுக்கு மனதறிந்து பதில் சொல்லிவிட்டால் மற்ற முடிவுகளில் பாதி தானாகவே வந்துவிடும்.

மலையில் வேட்டைக்குப் போகிறவர் விடியும்முன் கிளம்பி, செங்குத்தான சரிவில் மணிக்கணக்காக ஏறி, கடைசியில் ஒரே ஒரு முறை சுடுவார். பல நாட்கள் அதுவும் வாய்க்காது. அந்த ஒரு குண்டு குளிர்ந்த பேரலிலிருந்து (துப்பாக்கிக் குழாயிலிருந்து) போகும். இலக்குச் சுடுபவரோ வண்டியிலிருந்து சுடும் மேடு வரைக்கும்தான் துப்பாக்கியைச் சுமப்பார். அப்புறம் அன்றைக்கே 60, 80 தோட்டா சுடுவார். அதனால்தான் மலைக்கென்று செய்யப்படும் ரைஃபிள்கள் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இல்லாமல் 2.5 முதல் 3 கிலோவுக்குள் இருக்கின்றன. போட்டிக்கென்று கட்டுபவை ஸ்கோப், பைபாட் (முன்னால் ஊன்றும் இருகால் தாங்கி) எல்லாம் சேர்த்து 8 கிலோவையும் தாண்டுகின்றன.

இரண்டையும் ஒரே துப்பாக்கியில் செய்ய நினைப்பது தவறில்லை. ஏதாவது ஒரு முனைக்கான துப்பாக்கியை வாங்கிவிட்டு, அது மற்ற வேலையையும் செய்துவிடும் என்று நம்புவதுதான் தவறு. 7 கிலோ துப்பாக்கி இரண்டாம் நாள் ஏற்றத்தில் கூடாரத்திலேயே தங்கிவிடும். பென்சில்போல் மெல்லிய பேரல் வைத்த இலேசான துப்பாக்கி, நாலைந்து தோட்டா சுட்டதும் சூடேறி, பலவற்றில் குண்டு விழும் இடமும் நகரத் தொடங்கும். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், நடுத்தரத் தடிமன் உள்ள பேரலோடு, ஸ்கோப் சேர்த்து 4 முதல் 4.5 கிலோவுக்குள் வருவதைத் தேடுங்கள். மலையில் கொஞ்சம் கனக்கும், இலக்கு மேட்டில் கொஞ்சம் துள்ளும். ஆனால் இரண்டு இடத்திலும் கையில் இருக்கும்.

எடையைப் பற்றிப் பேசும்போது சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளும் உதையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒரே தோட்டாவை 3 கிலோ துப்பாக்கியிலும் 9 கிலோ துப்பாக்கியிலும் சுட்டால், தோளைப் பின்னால் தள்ளும் ஆற்றல் இலேசானதில் ஏறக்குறைய மும்மடங்கு. இது வெறும் வலி சம்பந்தப்பட்ட விஷயமல்ல. உதை வரப்போகிறது என்று தெரிந்ததும் உடல் தானாகவே இறுகும், கண் மூடும், விரல் விசையை வெடுக்கென்று இழுக்கும். இந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் போக்குவதற்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். என்னுடைய முதல் மலைத் துப்பாக்கி .300 வின்செஸ்டர் மேக்னம் (வெடிமருந்து அதிகமுள்ள வலுவான தோட்டா), அதுவும் மிக இலேசானது. இருபது தோட்டாப் பெட்டி ஒன்றை ஒரே உட்காரலில் முடிக்க முடிந்ததே இல்லை. பயிற்சியே செய்ய விடாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு உயிருள்ள ஒன்றைச் சுடக் கூடாது என்று அப்போது புரிந்தது.

அதனால் "தூரம் என்றால் மேக்னம்" என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். 6.5 கிரீட்மூர் தோட்டாவை ஹார்னடி நிறுவனம் 2007இல் கொண்டுவந்தது இலக்குப் போட்டிகளுக்காகத்தான். நீளமான, காற்றைக் கிழித்துப் போகும் குண்டு, மிதமான வெடிமருந்து, குறைந்த உதை. மலை ஆடு, மான் அளவுள்ள விலங்குகளுக்கு நியாயமான தூரத்தில் அது தாராளம். எல்க், மூஸ் போன்ற பெரிய உடல்கொண்ட மான் வகைகள் என்றால் 7 மில்லிமீட்டர், .30 அங்குலக் குண்டு அளவுகளுக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது. பேரலின் ஆயுளையும் கணக்கில் சேருங்கள். 1952இல் வந்த .308 வின்செஸ்டர் பேரலைப் பல ஆயிரம் தோட்டாக்களுக்குத் தாங்கவிடும். பெரிய மேக்னம்கள் அதைவிட வெகு சீக்கிரம் பேரலின் தொடக்கப் பகுதியை அரித்துவிடும். வருடத்துக்கு நாற்பது தோட்டா சுடும் வேட்டைக்காரருக்கு இது பொருட்டே இல்லை. வாரா வாரம் சுடுபவருக்கு இது பெரிய செலவு.

உதையைக் குறைக்கப் பேரல் முனையில் மசில் பிரேக் என்ற துளையிட்ட குழாய் மாட்டலாம், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வாயுவைப் பக்கவாட்டில் திருப்புவதால் சத்தம் உங்கள் மேலும் பக்கத்தில் இருப்பவர் மேலும் வந்து மோதும். பிரேக் இல்லாத ரைஃபிளே 140 டெசிபலைத் தாண்டிவிடுகிறது. ஒரே ஒரு வெடி காதுக்கு மீளாத கேடு செய்யப் போதும். காதுக்காப்பு இல்லாமல் பிரேக் வைத்த துப்பாக்கியைச் சுடவே சுடாதீர்கள், வேட்டையிலும்கூட. சட்டம் அனுமதிக்கும் இடங்களில் சப்ரஸர் (சத்தத்தைக் குறைக்கும் குழாய்) இதைவிட நல்ல வழி. அது கூட்டும் நீளத்தையும் எடையையும் முன்கூட்டியே கணக்கிட்டு, குட்டையான பேரலாக வாங்குவது புத்திசாலித்தனம்.

அடுத்தது, மூன்று குண்டு ஒட்டி விழுந்த அட்டையை நம்பி வாங்குவது. 1 எம்ஓஏ (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக் கோணம்) என்பது 100 மீட்டரில் சுமார் 2.9 சென்டிமீட்டர். "அரை எம்ஓஏ துப்பாக்கி" என்று காட்டப்படும் அட்டை பெரும்பாலும் பல அட்டைகளில் ஒன்று; மூன்று குண்டில் அதிர்ஷ்டத்துக்கு நிறைய இடமிருக்கிறது. இலக்குத் துப்பாக்கி என்றால் பத்து குண்டு ஒரே அட்டையில் சுட்டுப் பாருங்கள். மலைத் துப்பாக்கி என்றால் வேறு சோதனை: ஒரே அட்டையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் குளிர்ந்த பேரலிலிருந்து ஒரே ஒரு குண்டு, பத்து நாட்கள். அந்தப் பத்து ஓட்டைகள் எங்கே இருக்கின்றன என்பதுதான் மலையில் உங்களுக்குத் தேவையான தகவல்.

பேரலின் ட்விஸ்ட் (குண்டைச் சுழலவைக்கும் உட்புறத் திருகுவரியின் அளவு) பார்க்காமல் வாங்குகிறவர்களும் உண்டு. 1:8 என்றால் குண்டு 8 அங்குலம் நகர்வதற்குள் ஒரு முழுச் சுற்றுச் சுழலும். நீளமான குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும், இல்லாவிட்டால் அது காற்றில் தள்ளாடும். 1925இல் வந்த .270 வின்செஸ்டர் வழக்கமாக 1:10 ட்விஸ்டோடு வருகிறது. அதில் இன்றைய மிக நீளமான குண்டுகளைச் சுட்டுப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைக் குறை சொல்வது நியாயமில்லை. எந்தக் குண்டு சுடப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்து, அதற்கேற்ற ட்விஸ்டைத் தேடுங்கள். அந்தத் தோட்டா மேகசினுக்குள் (தோட்டா அடுக்கும் அறைக்குள்) அடங்குகிறதா என்றும் பாருங்கள்.

குண்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். போட்டிக்கான மேட்ச் குண்டு, காகிதத்தில் அழகாக விழுகிறது என்பதற்காக வேட்டைக்கு எடுத்துப் போகாதீர்கள். உடலுக்குள் போய் எப்படி விரிய வேண்டும் என்று யோசித்து அது செய்யப்படுவதில்லை. வேட்டைக் குண்டும்கூட ஒரு குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே சரியாக விரியாது. பல குண்டுகளுக்கு அது விநாடிக்கு 550 மீட்டர் வாக்கில் இருக்கிறது. உங்கள் குண்டு எத்தனை மீட்டரில் அந்த வேகத்துக்கு இறங்குகிறதோ, உங்கள் வேட்டைத் தூரம் அதைத் தாண்டவே கூடாது.

இனி ஸ்கோப். இங்கேதான் அதிகப் பணம் தவறான இடத்துக்குப் போகிறது. துப்பாக்கிக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மிச்சத்தில் ஒரு ஸ்கோப் வாங்குவார்கள். குறியைச் சரிசெய்யும் திருகைத் திருப்பினால் சொன்ன அளவு நகராத, திரும்ப வைத்தால் பழைய இடத்துக்கு வராத ஸ்கோப் எந்த நல்ல பேரலையும் வீணாக்கிவிடும். ரெட்டிகிள் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள்) மில் என்ற இன்னொரு கோண அளவுக் கணக்கிலும் திருகு எம்ஓஏ கணக்கிலும் இருக்கும் கலவையை வாங்கவே வேண்டாம். அவசரத்தில் தலைக்குள் பெருக்கிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. மில் என்றால் இரண்டும் மில். ஒரு 0.1 மில் சொடுக்கு 100 மீட்டரில் 1 சென்டிமீட்டர், கணக்கு சுலபம்.

ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேன் ஸ்கோப்பில் ரெட்டிகிள் உருப்பெருக்கத்தோடு சேர்ந்து பெரிதாகும், அதனால் அதன் கோடுகள் எந்த அளவிலும் சரியான கணக்கைக் காட்டும். தொலைதூர இலக்குக்கு அது நல்லது. ஆனால் உருப்பெருக்கத்தைக் குறைத்தால் கோடு மயிரிழையாகிவிடும். அந்தி வெளிச்சத்தில் புதருக்குப் பின்னால் நிற்கும் விலங்கின்மேல் அது தெரியாமலே போகலாம். செகண்ட் ஃபோகல் பிளேனில் கோடு எப்போதும் ஒரே தடிமன், கணக்கு மட்டும் ஒரு குறிப்பிட்ட உருப்பெருக்கத்தில்தான் சரி, பெரும்பாலும் உச்சத்தில். பை ஓரத்தில் உரசிப் பூட்டில்லாத திருகு நகர்ந்துவிடுவது மலையில் சகஜம். பூட்டும் திருகோ மூடியுள்ள திருகோ வாங்குங்கள். ஸ்கோப்பைப் பிடிக்கும் மவுண்ட் வளையங்களைக் கைப்பதத்தில் இறுக்காமல் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் சாவி) வைத்து, சொல்லப்பட்ட அளவுக்கு இறுக்குங்கள்.

ஸ்டாக் (தோளில் பதியும் கட்டை) உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க, கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் கன்னத்தை வையுங்கள். கண்ணைத் திறந்ததும் ஸ்கோப்பில் முழுப் படம் தெரிய வேண்டும். மலையில் அணியும் தடித்த சட்டையோடு, கையுறையோடு செய்து பாருங்கள். போட்டித் துப்பாக்கியில் இருப்பதுபோல் சில நூறு கிராம் அழுத்தத்திலேயே விழும் விசை, விறைத்த விரலுக்கு ஆபத்து. வேட்டைக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல் இருக்கட்டும். மரக்கட்டை அழகுதான், ஆனால் ஈரம் குடித்து உப்பி பேரலைத் தொட்டால் குண்டு விழும் இடம் மாறும். கடுங்குளிரில் கெட்டியான எண்ணெய் போல்ட்டை (தோட்டாவை ஏற்றி இறக்கும் பாகத்தை) மந்தமாக்கும்.

இலக்கு மேட்டில் சரி பார்த்த துப்பாக்கி மலையில் வேறு மாதிரி சுடும் என்பதைக் கவனிக்காமல் விடுவதும் பெரிய தவறு. 3000 மீட்டர் உயரத்தில் காற்று கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு மெலிந்தது, குண்டு குறைவாக இறங்கும். 30 பாகைச் சரிவில் 400 மீட்டர் தள்ளி நிற்கும் விலங்குக்கு, குண்டின் இறக்கத்தைக் கணக்கிட வேண்டிய தூரம் சுமார் 346 மீட்டர்தான். இதை விட்டுவிட்டால் 6.5 கிரீட்மூர் போன்ற தோட்டாவில் குண்டு ஏறக்குறைய ஒரு சாண் மேலே போகும். தூரத்தை அளந்து, சாய்வையும் சேர்த்துச் சொல்லும் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கினால் இந்தத் தொல்லை தீரும். காற்றுக்கு, குண்டு போகும் வழி முழுவதையும் அப்படி எளிதாகச் சொல்லிவிடும் சாதாரணக் கருவி இல்லை. மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக்காற்று அதே தோட்டாவை 500 மீட்டரில் 40 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிவிடும். பள்ளத்தாக்கில் காற்று நீங்கள் நிற்கும் இடத்தில் ஒன்று, நடுவில் இன்னொன்று.

இலக்குத் தகட்டில் 800 மீட்டரில் அடிப்பதை வைத்து வேட்டைத் தூரத்தை நிர்ணயிக்காதீர்கள். தகடு தவறினால் அடுத்த குண்டு இருக்கிறது. விலங்கு தவறினால் காயத்தோடு பாறைகளுக்குள் போய், நாட்கணக்கில் வேதனைப்பட்டுச் சாகும். வாங்கும்முன் கடன் கேட்டாவது அதே மாதிரித் துப்பாக்கி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு மேட்டில் ஏறுங்கள். மூச்சு வாங்கும்போதே பையின் மேல் சாய்த்து, ஒரு சாண் அளவுத் தட்டை நோக்கி ஒரே ஒரு குண்டு சுடுங்கள். வேறு வேறு நாட்களில் இதைச் செய்து, பத்துக்குப் பத்தும் எந்தத் தூரம் வரை விழுகிறதோ, அதுவே அந்தத் துப்பாக்கியோடு உங்கள் வேட்டைத் தூரம். பெரும்பாலானவர்களுக்கு அது 300 மீட்டருக்குள் நின்றுவிடும். அந்தத் தூரத்துக்கு எவ்வளவு இலேசான, எவ்வளவு குறைவாக உதைக்கும் துப்பாக்கி போதும் என்று அப்போதே தெரிந்துவிடும்.