சராசரியைக் கடைசியில் பாருங்கள்

பதினோரு வயதில் நான் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் டான் பிராட்மேனின் சாதனையைத் திருத்தினேன். கையில் ஒரு பழைய கிரிக்கெட் புத்தகம். அதில் 52 டெஸ்ட், 80 இன்னிங்ஸ், 6,996 ரன், சராசரி 99.94 என்று போட்டிருந்தது. எனக்கு அப்போதுதான் வகுத்தல் கணக்கு கைவந்திருந்தது. 6,996-ஐ 80-ஆல் வகுத்தேன், 87.45 வந்தது. மறுபடி வகுத்தேன், அதேதான். அச்சுப்பிழை என்று முடிவுகட்டி, 99.94-ஐப் பேனாவால் அடித்துவிட்டு மேலே 87.45 என்று எழுதிவைத்தேன். மூன்று நாள் கழித்துத்தான் நடுவில் இருந்த குட்டிக் கட்டம் கண்ணில் பட்டது. நாட் அவுட்: 10. அதாவது பத்து இன்னிங்ஸில் அவர் ஆட்டமிழக்கவே இல்லை.

அந்தப் புத்தகம் அடித்தல் திருத்தலோடு இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்றிலிருந்து எந்த ஜாம்பவானின் பட்டியலைத் திறந்தாலும் சராசரிக் கட்டத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு மற்றதைத்தான் முதலில் படிப்பேன். யார் பெரியவர் என்று நண்பர்கள் சண்டை போடும்போது என்னை நடுவராகக் கூப்பிடுவதற்கு இந்தக் கட்டைவிரல்தான் காரணம். நீங்களும் செய்து பாருங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

முதலில் இன்னிங்ஸிலிருந்து நாட் அவுட்டைக் கழியுங்கள். கிடைப்பது, அவர் எத்தனை முறை ஆட்டமிழந்தார் என்பது. ரன்னை அந்த எண்ணால்தான் வகுக்க வேண்டும். பிராட்மேனுக்கு 80-இல் 10 போனால் 70. அவருடைய கடைசி இன்னிங்ஸ் கதை எல்லோருக்கும் தெரியும்: 1948 ஆகஸ்ட் 14, ஓவல் மைதானம், எரிக் ஹாலிஸ் வீசிய இரண்டாவது பந்திலேயே போல்டு, ரன் பூஜ்யம். இன்னும் நான்கு ரன் எடுத்திருந்தால் சராசரி 100 என்று சொல்லுவார்கள். சரிதான், 7,000-ஐ 70-ஆல் வகுத்தால் 100. ஆனால் அது பாதிக் கதை. பென்சிலால் போட்டுப் பாருங்கள்: அன்று களம் இறங்கும்போது அவர் ஆட்டமிழந்த தடவைகள் 69. ரன் அதே 6,996. அதாவது சராசரி 101.39. ஒரு ரன்கூட எடுக்காமல் மறுமுனையில் நாட் அவுட்டாக நின்றிருந்தாலே நூறுக்கு மேல்தான் முடிந்திருக்கும். ரன் எடுக்காததைவிட அவுட் ஆனதுதான் வினை. இரண்டாவது இன்னிங்ஸில் சரிசெய்யவும் வழியில்லை. இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் 52-க்குச் சுருண்டு, ஆஸ்திரேலியா இன்னிங்ஸ் வெற்றியே பெற்றுவிட்டது. எதிரணி கொஞ்சம் நன்றாக ஆடியிருந்தால் அவருக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்திருக்கும்.

நாட் அவுட் கட்டம் ஒருநாள் போட்டிகளில்தான் அதிகம் ஏமாற்றும். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் பெவன் 196 இன்னிங்ஸில் 67 முறை நாட் அவுட், சராசரி 53.58. தோனி 297-இல் 84 முறை, சராசரி 50.57. மேற்கிந்தியத் தீவுகளின் விவ் ரிச்சர்ட்ஸின் சராசரி 47 மட்டுமே. அதற்காக பெவன் ரிச்சர்ட்ஸைவிடப் பெரிய ஆள் என்று யாராவது சொன்னால் ஸ்ட்ரைக் ரேட், அதாவது நூறு பந்துக்கு எத்தனை ரன் என்ற கட்டத்தைக் காட்டுங்கள். பெவனுக்கு 74 சொச்சம், ரிச்சர்ட்ஸுக்கு 90. அதுவும் 1975-லிருந்து 1991 வரை, நூறு பந்தில் எழுபது ரன் எடுத்தாலே வேகம் என்று கருதிய காலத்தில். அதே நேரம், பெவனும் தோனியும் நாட் அவுட்டைச் சும்மா சேர்க்கவில்லை. ஆட்டத்தை முடித்துக்கொடுப்பதுதான் அவர்கள் வேலை. கடைசி ஆளாக இறங்குபவரின் நாட் அவுட் வேறு ரகம். நியூசிலாந்தின் கிறிஸ் மார்ட்டின் டெஸ்டில் 104 இன்னிங்ஸ் ஆடி 52 முறை நாட் அவுட். மொத்த ரன் 123. எடுத்த விக்கெட் 233. மனிதர் எடுத்த ரன்னைவிட விக்கெட் அதிகம். எனக்கு மிகவும் பிடித்த பட்டியல் இது, சும்மா இருக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன்.

அடுத்தது பிரித்துப் பார்ப்பது. இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். நோட்டில் இடப்பக்கம் மொத்தக் கணக்கு, வலப்பக்கம் அதை எதிரணி, மைதானம், பொறுப்பு என்று உடைத்த கணக்கு.

ஆஸ்திரேலியாவின் ஆடம் வோஜஸை எடுத்துக்கொள்வோம். 20 டெஸ்ட், 31 இன்னிங்ஸ், 7 நாட் அவுட், 1,485 ரன், சராசரி 61.87. இந்த ஒற்றை எண்ணை வைத்துப் பார்த்தால் டெண்டுல்கருக்கும் லாராவுக்கும் மேலே உட்கார வேண்டியவர். இப்போது மேற்கிந்தியத் தீவுகளை மட்டும் பிரித்தெடுங்கள்: 130 நாட் அவுட், 37, 269 நாட் அவுட், 106 நாட் அவுட். நான்கு இன்னிங்ஸ், 542 ரன், ஆட்டமிழந்தது ஒரே முறை. அதைக் கழித்தால் மிச்சம் 943 ரன், ஆட்டமிழந்தது 23 முறை. சராசரி 41. நல்ல பேட்ஸ்மேனின் கணக்குதான், ஆனால் ஜாம்பவான் கணக்கு இல்லை. குறைவான டெஸ்ட் ஆடியவர்களிடம் ஒரு தொடர் முழு எண்ணையும் தூக்கிவிடும். இருபதுக்குக் குறைந்த டெஸ்ட் என்றால் நான் சராசரியை நோட்டில் எழுதுவதே இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கு பாரி ரிச்சர்ட்ஸ். 4 டெஸ்ட், 508 ரன், 72.57. நிறவெறிக் கொள்கையால் தென்னாப்பிரிக்கா 1970 முதல் 1991 வரை ஒதுக்கிவைக்கப்பட்டதால் ஐந்தாவது டெஸ்ட் அவருக்கு வாய்க்கவே இல்லை.

இலங்கையின் சங்கக்காராவைப் பிரித்தால் ஒரே ஆளுக்குள் இரண்டு பேர் கிடைப்பார்கள். மொத்தம் 134 டெஸ்டில் 12,400 ரன், சராசரி 57.40. கீப்பிங் கையுறையோடு ஆடிய 48 டெஸ்டில் 40.48. வெறும் பேட்ஸ்மேனாக ஆடிய 86 டெஸ்டில் 66.78. நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்துவிட்டு மூன்றாம் இடத்தில் பேட் செய்வது என்னவென்று இந்த இரண்டு எண்ணும் சொல்லிவிடும்.

பந்துவீச்சாளர் என்றால் மைதானத்தை வைத்து உடையுங்கள். இங்கே சராசரி என்பது ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன், குறைவாக இருந்தால்தான் நல்லது. கும்ப்ளே 132 டெஸ்டில் 619 விக்கெட், சராசரி 29.65. இந்தியாவில் 350 விக்கெட், சராசரி 24.88. வெளியே 269 விக்கெட், சராசரி 35.85. முரளிதரனின் 800-இல் 493 இலங்கை மண்ணில் விழுந்தவை. முரளியா, ஆஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் வார்னேயா என்ற சண்டை வந்தால் இன்னொரு உடைப்பும் தேவை: பங்களாதேஷ், ஜிம்பாப்வே ஆகிய இரண்டு அணிகளிடமிருந்து முரளி எடுத்தது 176 விக்கெட், வார்னே எடுத்தது 17. அவற்றைக் கழித்தால் முரளிக்கு 624, வார்னேக்கு 691. வார்னே ரசிகர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள். அந்த 624-க்கு முரளிக்குத் தேவைப்பட்டது 108 டெஸ்ட், 691-க்கு வார்னேக்கு 142 டெஸ்ட். ஒரு டெஸ்டுக்கு எத்தனை என்று வகுத்தால் முரளி இன்னும் முன்னால்தான். என் ஓட்டு முரளிக்கு. ஆனால் முரளி சந்திக்காத சிக்கல் ஒன்று வார்னேக்கு உண்டு. மறுமுனையில் வேகப்பந்து வீச்சாளர் மெக்ராத் இருந்தால் விக்கெட்டைப் பங்குபோட வேண்டும்.

காலத்தை மறந்துவிடக் கூடாது. பந்துவீச்சு சராசரிப் பட்டியலின் உச்சியில் ஜார்ஜ் லோமன் என்ற 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர் இருப்பார். 18 டெஸ்ட், 112 விக்கெட், சராசரி 10.75. மழையில் நனையாமல் ஆடுகளத்தை மூடிவைக்காத காலம் அது, ஈர ஆடுகளம் பந்துவீச்சாளருக்குக் கொண்டாட்டம். போதாததற்கு 1895-96 தென்னாப்பிரிக்கப் பயணத்தில் மூன்றே டெஸ்டில் 35 விக்கெட், சராசரி 5.80. அதைக் கழித்தாலும் 13 நிற்கிறது, குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அவரை மால்கம் மார்ஷலின் 20.94 பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். அவரவர் காலத்து ஆட்களோடு ஒப்பிடுங்கள். பிராட்மேனின் பெருமையும் அப்படித்தான் தெரியும்: இருபது டெஸ்டுக்கு மேல் ஆடிய மற்ற பெரிய பேட்ஸ்மேன்களான ஹெட்லி, சட்கிளிஃப், கிரேம் பொல்லாக் எல்லோரும் 60, 61-இல் நிற்கிறார்கள். அவர் மட்டும் தனியாக நூறுக்குப் பக்கத்தில்.

மொத்த எண்ணிக்கையிலும் இதே கவனம் வேண்டும். பிராட்மேன் இருபது ஆண்டில் 52 டெஸ்ட்தான் ஆடினார், நடுவில் உலகப் போர். டெண்டுல்கர் இருபத்துநான்கு ஆண்டில் 200. மிதாலி ராஜ் 1999-இல் தொடங்கி 2022-இல் முடிக்கும்வரை 232 ஒருநாள் போட்டி, 7,805 ரன். ஆனால் டெஸ்ட் வெறும் 12. அதில் ஒரே இன்னிங்ஸில் அடித்த 214-உம் உண்டு. பெண்களுக்கு டெஸ்ட் கொடுத்தது அவ்வளவுதான். அந்தக் கட்டத்தைப் பார்த்து 'டெஸ்டில் 699 ரன்தானே' என்று சொல்பவரோடு நான் மேற்கொண்டு பேசுவதில்லை.

இதெல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு ஸ்கோர்கார்டையாவது முழுசாகத் திறந்து படியுங்கள். உதாரணத்துக்கு 1975 உலகக் கோப்பை, லார்ட்ஸ். இங்கிலாந்து 60 ஓவரில் 334. பதிலுக்கு சுனில் கவாஸ்கர் தொடக்கத்தில் இறங்கிக் கடைசிவரை நின்று 174 பந்தில் 36. இந்தியா 3 விக்கெட் மட்டுமே இழந்து 132, தோல்வி 202 ரன் வித்தியாசத்தில். இப்போது அவருடைய ஒருநாள் பட்டியலுக்குப் போங்கள். அந்த இன்னிங்ஸ் அங்கே என்ன செய்திருக்கிறது? நாட் அவுட் என்பதால் சராசரியைக் கொஞ்சம் உயர்த்தியிருக்கிறது! ஸ்ட்ரைக் ரேட் கட்டம் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

லாராவிடம் இது தலைகீழ். அவருடைய அதிகபட்சம் என்ற கட்டத்தில் 400 நாட் அவுட் இருக்கும், 2004-இல் ஆன்டிகுவாவில் அடித்தது. அந்த டெஸ்ட் டிராவில் முடிந்தது. 1999-இல் பிரிட்ஜ்டவுனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 308-ஐத் துரத்தி, கடைசி ஆளான வால்ஷை மறுமுனையில் வைத்துக்கொண்டு ஒரு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்த 153 நாட் அவுட், அவருடைய 34 சதங்களில் ஒன்று என்பதோடு சரி. எந்தக் கட்டமும் அதைத் தனியாகச் சொல்லாது. அதனால் நோட்டில் ஒவ்வொரு வீரருக்கும் கீழே இரண்டு வரி இடம் விட்டு, பட்டியல் சொல்லாததை அங்கே எழுதிவையுங்கள்.

அந்த இரண்டு வரியில் அடிக்குறிப்புச் சமாச்சாரங்களும் சேரும். டிராவிட்டின் 164 டெஸ்டில் இந்தியாவுக்காக ஆடியது 163. மற்றொன்று 2005-இல் சிட்னியில் ஆஸ்திரேலியாவை எதிர்த்து உலக அணிக்காக. முரளியும் அதே ஆட்டத்தில் 5 விக்கெட் எடுத்தார், ஆக இலங்கைக்காக மட்டும் என்றால் 795. 'இந்திய அளவில்', 'இலங்கை அளவில்' என்று யாராவது சாதனை பேசினால் இந்தக் கழித்தலைப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

வார்னே பக்கத்தில் என் நோட்டில் இருக்கும் இரண்டு வரி இது: பேட்டிங்கில் 3,154 ரன், சதம் ஒன்றுகூட இல்லை, அதிகபட்சம் 99. 2001, பெர்த், நியூசிலாந்துக்கு எதிராக, வெட்டோரி பந்தில் கேட்ச். பிறகு ஒளிப்பதிவைப் பார்த்தால் அது நோ-பால், அதாவது அவுட்டே இல்லை.