காற்றோட்ட சிமுலேஷனில் யூனிட்டைக் கோட்டை விடும் இடங்கள்

கட்டடத்துக்குள் காற்று எவ்வளவு வந்து போகிறது என்று கணிக்கும் வென்டிலேஷன் மாடலை ஓட்டியாயிற்று, கிராஃபும் பார்க்க நன்றாகவே இருக்கிறது, ஆனால் விடை தப்பு. இப்படி மாட்டிக்கொண்டால் சமன்பாட்டைச் சந்தேகப்படும் முன் யூனிட்டைப் பாருங்கள். நான் அதைக் கடைசியாகப் பார்த்ததால் பல நாள் வேலை வீணானது.

அறை 5 மீட்டருக்கு 4 மீட்டர், உயரம் 3, ஆக 60 கன மீட்டர். உள்ளே ஒருவர், அவருக்கு வினாடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று. நான் 10 என்று அடித்த கட்டத்தின் யூனிட்டோ மணிக்குக் கன மீட்டர். வினாடிக்கு 10 லிட்டர் என்றால் மணிக்கு 36 கன மீட்டர், அதாவது அறைக் காற்று மணிக்கு 0.6 தடவை மாறும். நான் கொடுத்த எண்ணுக்கு அது 0.17 தான். கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போனது, நான் ஜன்னல் திறப்பை மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன். 0.17 என்பது ஜன்னல் சாத்திய அறைக்கு நம்பக்கூடிய எண் என்பதால் எனக்கு உறுத்தவே இல்லை.

ஆயிரம் மடங்கு தப்பு நடந்தால் உடனே பிடித்துவிடலாம். கட்டடத்தின் ஆற்றல் பயன்பாட்டைக் கணக்கிடும் எனர்ஜிபிளஸ் மென்பொருளில் காற்றளவு வினாடிக்குக் கன மீட்டரில் கேட்கும், அங்கே 0.01-க்குப் பதில் 10 போட்டால் இதே அறைக்கு மணிக்கு 600 தடவை காற்று மாறுவதாக வரும், யாருக்கும் கண்ணில் படும். ஆபத்தானவை சின்னப் பெருக்கல் எண்கள். ஒரு சிஎஃப்எம் (நிமிடத்துக்கு ஒரு கன அடி) மணிக்கு 1.7 கன மீட்டர், வினாடிக்கு ஒரு லிட்டர் 2.12 சிஎஃப்எம், மணிக்கு 3.6 கன மீட்டர். இந்த 1.7, 2.12, 3.6 மூன்றும் விடையை நம்பும்படியான எல்லைக்குள்ளேயே நகர்த்திவிடும். இன்னொன்று, கட்டத்தின் பக்கத்தில் யூனிட்டை மாற்றினால் சில மென்பொருளில் எண்ணும் சேர்ந்து மாறும், சிலவற்றில் பெயர் மட்டும் மாறும். உங்களுடையது எந்த வகை என்று ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, அடுத்ததுதான் நிறையப் பேர் யோசிக்காமலே கடந்து போவது: கன அளவா, நிறையா? அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி உருவாக்கிய கான்டாம் என்ற காற்றோட்ட மென்பொருள் உள்ளுக்குள் வினாடிக்குக் கிலோகிராமில்தான் கணக்குப் போடுகிறது. திரையில் நாம் பார்க்கும் எஸ்சிஎஃப்எம் போன்றவை, அந்த நிறையை 20 டிகிரி, 101.325 கிலோபாஸ்கலில் உள்ள காற்றின் அடர்த்தியான கன மீட்டருக்கு 1.2041 கிலோவால் வகுத்து வருபவை. முன்னால் நிற்கும் 'எஸ்' (ஸ்டாண்டர்ட்) அதைத்தான் சொல்கிறது. 35 டிகிரி காற்றை நீங்கள் அளந்து மணிக்கு 100 கன மீட்டர் என்று எழுதி வந்தீர்கள் என்றால், அதன் அடர்த்தி சுமார் 1.146, நிறை 115 கிலோ. அதை அப்படியே ஸ்டாண்டர்ட் கன மீட்டராக உள்ளே கொடுத்தால் 120 கிலோ ஆகிவிடும். இது 5 சதவீதம்தானே என்று விட்டாலும், கடல்மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரத்தில் 20 டிகிரி காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 1.0 தான், அங்கே வித்தியாசம் 20 சதவீதம். எனர்ஜிபிளஸும் ஸ்டாண்டர்ட் அடர்த்தி வைத்துத்தான் நிறையாக மாற்றுகிறது, ஆனால் அது இடத்தின் உயரத்துக்கு ஏற்ற அழுத்தத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் மலைமேல் உள்ள கட்டடத்துக்கு இரண்டு மென்பொருளையும் இணைக்கிறீர்கள் என்றால், இடையில் கைமாறுவது கிலோகிராமாக மட்டும் இருக்கட்டும்.

இதே காரணத்தால்தான் உள்ளே வரும் கன மீட்டரும் வெளியே போகும் கன மீட்டரும் ஒத்துப்போகாது. வெளியே 0 டிகிரி, உள்ளே 20 என்றால், 100 கன மீட்டர் வந்து 107 வெளியே போகும். நிறை இரண்டிலும் ஒன்றுதான். இதைப் பிழை என்று நினைத்துச் சுவரில் ஒரு கசிவைக் கூட்டிச் சரிசெய்த மாடலை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கசிவு என்றதும் நினைவுக்கு வருவது அடுக்குச் சமன்பாடு: காற்றளவு = கெழு × (அழுத்த வித்தியாசம்)^அடுக்கு. கெழு என்பது கசிவு எவ்வளவு பெரிது என்பதைக் காட்டும் எண், அடுக்கு பெரும்பாலும் 0.65. கெழுவுக்குள் அழுத்தத்தின் யூனிட்டும் அந்த 0.65 அடுக்கோடு ஒளிந்திருக்கிறது. ஒரு அங்குல நீர் அழுத்தம் 249 பாஸ்கல். ஆனால் அங்குலத்தில் உள்ள கெழுவை பாஸ்கலுக்கு மாற்ற 249-ஆல் வகுக்கக் கூடாது, 249^0.65, அதாவது சுமார் 36-ஆல் வகுக்க வேண்டும். அதேபோல 50 பாஸ்கலில் மணிக்கு 1000 கன மீட்டர் கசிந்தால் 4 பாஸ்கலில் 80 இல்லை, 194. கசிவுப் பரப்பாக, அதாவது அதே அளவு காற்றை விடும் ஒரே துளையின் பரப்பாகக் கொடுத்திருந்தால், அது 4 பாஸ்கலுக்கா 10 பாஸ்கலுக்கா, துளையில் காற்று தடைபடுவதைக் கணக்கில் எடுக்கும் வெளியேற்றக் கெழு 1-ஆ 0.6-ஆ என்று கேளுங்கள். சதுர மீட்டருக்கு என்று இருந்தால் அது தரைப் பரப்பா, வெளிச்சுவரும் கூரையும் சேர்ந்த பரப்பா என்பதையும்.

பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) விஷயமும் சுருக்கமாக: கார்பன் டை ஆக்சைடு 1000 பிபிஎம் என்பது கன அளவில். நிறையில் அது ஒரு கிலோ காற்றுக்கு 1.52 கிராம், 1 கிராம் இல்லை.

முழுக் கட்டடத்தையும் ஓட்டும் முன் ஒரே ஒரு அறையை மட்டும் வைத்துச் சோதியுங்கள். மேலே சொன்ன 60 கன மீட்டர் அறை, ஒரு ஃபேன், வெளியில் இல்லாத ஏதோ ஒரு வாயு அறை முழுக்கக் கலந்திருக்கிறது என்று வையுங்கள். வினாடிக்கு 10 லிட்டர் சரியாகப் போயிருந்தால் 100 நிமிடத்தில் அந்த வாயு 37 சதவீதமாகக் குறைந்திருக்க வேண்டும். என் மாடலில் அதற்கு 6 மணி நேரம் ஆனது.