ஆபீஸ் கம்ப்யூட்டருக்குச் சொந்தமாக ஒரு விபிஎன்

குடியாத்தத்தில் லுங்கி, தீப்பெட்டி வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். எல்லாக் கணக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான். அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் நாட்களில் லாட்ஜ் வைஃபையிலிருந்து அதைத் திறக்க வேண்டியிருக்கும். இதே தேவை உள்ள பலர், ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பின் (தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் வசதி) 3389 போர்ட்டை, அதாவது அதற்கான எண்ணிட்ட வாசலை, திறந்துவிட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். திறந்து கிடக்கும் 3389-ஐத் தேடிப் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்க்கும் நிரல்கள் இணையம் முழுக்க ராப்பகலாக ஓடுகின்றன. உள்ளே நுழைந்தால் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். நம்மை நம்பிக் கொடுத்தவர்களின் கணக்கு அது.

இதற்கு வழி விபிஎன், அதாவது இணையத்தின் வழியே பூட்டிய ஒரு தனிப் பாதை. ஆனால் காசு கட்டி வாங்கும் விபிஎன் உதவாது. அது உங்களை அந்தக் கம்பெனியின் சர்வருக்குக் கொண்டுபோகும், உங்கள் ஆபீசுக்கு அல்ல. நமக்கு வேண்டியது, ஆபீசில் நாமே விபிஎன் அமைக்க உதவும் வயர்கார்டு என்ற மென்பொருள். இலவசம். 2020-இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. தெரியாத சாவியோடு வருபவருக்கு அது பதிலே சொல்லாது என்பதால், அப்படி ஒரு போர்ட் திறந்திருப்பதே வெளியில் தெரியாது.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் ஐபி (இணையத்தின் பக்கம் ரவுட்டருக்கு உள்ள முகவரி) என்று இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கூகுளில் உங்கள் ஐபி என்ன என்று தேடிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. வான் ஐபி 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களோடு பங்கு போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். 10-இல் தொடங்கினாலும் பெரும்பாலும் அதே கதைதான். அந்த நிலையில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை ரவுட்டர் உள்ளே ஒரு கருவிக்குத் திருப்புவது) என்ன செய்தாலும் வேலை செய்யாது. இணைப்பு கொடுத்தவரிடம் ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத சொந்தப் பொது முகவரி, கேளுங்கள். தனிக் கட்டணம் ஆகலாம். இல்லையென்றால் மாத வாடகைக்குச் சின்ன கிளவுட் சர்வர் எடுத்து, ஆபீஸ் கருவியும் போனும் அங்கே போய்ச் சேரும்படி அமைக்க வேண்டும்.

அடுத்து, ஆபீஸ் நெட்வொர்க்கின் எண். பெரும்பாலான ரவுட்டர்கள் 192.168.0 அல்லது 192.168.1 என்றுதான் வரும். லாட்ஜிலும் அதே எண் இருந்தால், போனுக்கு எது ஆபீஸ், எது லாட்ஜ் என்று குழப்பம். ஆபீசில் 192.168.77 என்று மாற்றிவிடுங்கள்.

ஆபீசில் வயர்கார்டு சர்வராகப் பழைய லேப்டாப்போ ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரோ போதும். உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) போட்டு வயர்கார்டை நிறுவுங்கள். ரவுட்டரில் அந்தக் கருவிக்கு மாறாத முகவரி கொடுத்து, வயர்கார்டின் போர்ட்டான யுடிபி 51820-ஐ அதற்குத் திருப்புங்கள். டிசிபி என்று போட்டுவிட வேண்டாம், வயர்கார்டு யுடிபியில் மட்டும்தான் பேசும். மற்ற கம்ப்யூட்டர்களையும் எட்ட வேண்டுமானால் அந்தக் கருவியில் ஐபி ஃபார்வர்டிங்கை (வந்ததை அடுத்த கம்ப்யூட்டருக்குக் கடத்துவது) 1 ஆக்கி, ஃபயர்வாலில் மாஸ்கரேட் விதியையும் (கடத்துவதைத் தன் முகவரியில் அனுப்புவது) சேர்க்க வேண்டும்.

சாவிகளில்தான் நிதானம் வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஜோடி: தனிச்சாவி, பொதுச்சாவி. இரண்டுமே 44 எழுத்து, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். போனுக்கான ஜோடியைப் போனின் வயர்கார்டு செயலியிலேயே உருவாக்கி, பொதுச்சாவியை மட்டும் சர்வருக்குக் கொடுங்கள். தனிச்சாவி பிறந்த கருவியைவிட்டு வெளியே போகக்கூடாது, வாட்ஸ்அப்பில்கூட. சர்வர் ஃபைலில் அந்தப் பொதுச்சாவிக்கு நேராக அனுமதித்த முகவரி 10.8.0.2/32, அதாவது விபிஎன்னுக்குள் போனுக்கென நாம் வைத்த ஒரே முகவரி. போனில் சர்வரின் பொதுச்சாவி, ஆபீசின் பொது ஐபி, போர்ட் 51820. ஆபீசை மட்டும் எட்டினால் போதுமென்றால் போனில் அனுமதித்த முகவரிகள் 10.8.0.0/24 (விபிஎன் முகவரிகள்), 192.168.77.0/24 (ஆபீஸ் முகவரிகள்). லாட்ஜ் வைஃபையில் நான் 0.0.0.0/0 என்று போட்டு எல்லாவற்றையும் ஆபீஸ் வழியாகவே அனுப்புகிறேன்.

சோதிக்கும்போது போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். கடைசி ஹேண்ட்ஷேக் (சாவியைச் சரிபார்த்து இரு கருவிகளும் கைகுலுக்கியது) சில விநாடிக்கு முன் என்று காட்டினால் சரி. எதுவுமே காட்டவில்லையென்றால் முதலில் ரவுட்டரைச் சந்தேகப்படுங்கள், பிறகு சாவியை.

நம்மூரில் பராமரிப்புக்காக கரண்ட் நிறுத்தும் நாள் ஒன்று உண்டு. திரும்ப வரும்போது ரவுட்டருக்குப் புது ஐபி கிடைக்கலாம். டக்டிஎன்எஸ் போன்ற இலவசச் சேவையில் ஒரு பெயர் வாங்கி, ஐபிக்குப் பதில் அதைப் போனில் கொடுங்கள். ஆனால் வயர்கார்டு இணைக்கும்போது ஒருமுறைதான் பெயருக்கான முகவரியைத் தேடும். ஆகவே கரண்ட் வந்த பிறகு இணைப்பு கிடைக்கவில்லையென்றால், செயலியில் இணைப்பை ஒருமுறை அணைத்து மறுபடி போடுங்கள்.

ஆபீசுக்கு வரும் தம்பிக்கு என் சாவியைக் கொடுக்கவில்லை. அவருக்கு 10.8.0.3 என்று தனி. போன் தொலைந்தாலோ வேலையைவிட்டுப் போனாலோ அந்த ஒரு பகுதியை மட்டும் சர்வர் ஃபைலிலிருந்து நீக்கி, வயர்கார்டை மறுபடி தொடங்கினால் போதும். மற்றவர்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை.