ரெசின் பீஸுக்கு அசல் வெண்கல லுக் வரணுமா

கோல்ட் காஸ்ட் (cold cast, அதாவது உலோகத்தை உருக்காம, உலோகப் பவுடர் கலந்த ரெசினை மோல்டுல ஊத்தி வார்க்குறது) பண்றப்போ வெண்கலப் பவுடரை மொத்த ரெசின்லயும் கொட்டாதீங்க, முதல்ல மெத்துன்னு இருக்குற பிரஷ்ல சிலிக்கான் மோல்டு உள்பக்கம் முழுக்க பவுடரை தடவி, மிச்சத்தை தட்டிட்டு, பவுடர் கலந்த ரெசினை மெல்லிசா ஒரு கோட் மட்டும் ஊத்தி சுழட்டி விடுங்க, அது பிசுபிசுன்னு ஜெல் ஆனதும் உள்ளே சாதா ரெசின் போதும். பவுடர்தான் காஸ்ட்லி, உள்ளே யாரு பாக்கப்போறா?

மோல்டுலேர்ந்து எடுத்ததும் மங்கலா பிளாஸ்டிக் மாதிரிதான் இருக்கும், பயப்படாதீங்க. உலோகத் துகளை ரெசின் தோல் மாதிரி மூடியிருக்கும், 0000 நம்பர் ஸ்டீல் வுல்லால (ரொம்ப மெல்லிசான இரும்பு நார்) லேசா தேய்ச்சா அந்தத் தோல் போய் நிஜ உலோகமே வெளிய தெரியும். முதல்ல ஊத்துற அந்த பவுடர் கலந்த ரெசின்லயே ரெண்டு சொட்டு கருப்பு பிக்மென்ட் விட்டுக்கோங்க, பள்ளமெல்லாம் இருட்டா நிக்கும், மேடு மட்டும் மின்னும், அதுலதான் அந்த பழைய சிலை லுக்கே வருது.

மைக்கா பவுடருக்கு (மினுமினுப்புக்காகப் போடுற கலர் பவுடர்) இது செட் ஆகாது, அதுல உலோகமே இல்ல, தேய்ச்சா இன்னும் மங்கும். ரொம்ப நுணுக்கமான வேலைப்பாடுன்னா ஸ்டீல் வுல் உள்ளே போகாது. பவுடர் தொடுறப்போ மாஸ்க் கண்டிப்பா போடுங்க.